மாஸ் சர்வரில் பூட் கோப்புகள் வந்து சேராதபோது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

இயங்குதளம் எதுவும் இல்லாத சர்வரை வலையமைப்பின் வழியே எழுப்பி, அதில் உபுண்டுவையோ வேறொரு லினக்ஸையோ நிறுவித் தருவது மாஸ் மென்பொருளின் வேலை. கனோனிக்கல் நிறுவனம் 2012-இல் உபுண்டு 12.04 வெளியீட்டுடன் இதை அறிமுகப்படுத்தியது. சர்வரை எழுப்பத் தேவையான பூட்லோடர் (கெர்னலை ஏற்றும் சிறு நிரல்), கெர்னல், இனிட்ஆர்டி (எழும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பமைப்பு), மூலக் கோப்பமைப்பு அடங்கிய ஸ்குவாஷ்எஃப்எஸ் ஆகிய நான்கும் மாஸிடம் முன்கூட்டியே இறக்கி வைக்கப்பட்டிருக்க வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சர்வர் எழாது. ஆனால் குறைந்தது எது, அது எந்த இடத்தில் நின்றுவிட்டது என்பதைத் திரையில் தோன்றும் செய்தி பெரும்பாலும் நேரடியாகச் சொல்வதில்லை.

இந்த வழிமுறை மாஸ் 2, 3 ஆகிய பெரும்பதிப்புகளுக்குப் பொருந்தும். படிப்பவர் எதையும் மாற்றத் தொடங்குமுன் கோப்பு பயணிக்கும் பாதையை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில், இமேஜஸ்.மாஸ்.ஐஓ என்ற தளத்திலிருந்தோ உள்ளூர் மிரரிலிருந்தோ (அந்தத் தளத்தின் பிரதி), மாஸின் மைய நிர்வாகப் பகுதியான ரீஜன் கன்ட்ரோலர் கோப்புகளை இறக்குகிறது. இதற்கு சிம்பிள்ஸ்ட்ரீம்ஸ் என்ற முறை பயன்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் ரீஜனிடமிருந்து, சர்வர்களுக்கு அருகில் இருந்து கோப்புகளை வழங்கும் ராக் கன்ட்ரோலர் அவற்றைப் பெறுகிறது. மூன்றாம் கட்டத்தில், எழவேண்டிய சர்வர் டிஎச்சிபி (வலையமைப்பு முகவரி வழங்கும் நெறிமுறை) மூலம் முகவரியையும் பூட் கோப்பின் பெயரையும் அறிந்து, பூட்லோடரை டிஎஃப்டிபி (எளிய கோப்பு மாற்று நெறிமுறை) வழியாகவும் பெரிய கோப்புகளை 5248 என்ற போர்ட்டில் எச்டிடிபி வழியாகவும் ராக்கிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. பிழை இந்த மூன்றில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியும்வரை, இறக்கிய இமேஜ்களை (ஒரு வெளியீட்டுக்கான இந்தக் கோப்புகளின் தொகுப்பு) அழிப்பதோ, அவற்றை இறக்கும் பணியான இம்போர்ட்டை மீண்டும் மீண்டும் ஏவுவதோ கூடாது. நன்றாக இயங்கிக்கொண்டிருந்த கோப்புகளும் அதனால் போய்விடக்கூடும், தடயமும் கலைந்துவிடும்.

பதிவுக் கோப்புகள் இருக்கும் இடம் பதிப்புக்கு ஏற்ப மாறுகிறது. 3.4 வரை, ரீஜனுக்கு ரீஜன்டி.லாக், ராக்குக்கு ராக்டி.லாக் என இரு கோப்புகள் இருந்தன. 3.5 முதல் இவை சிஸ்டம்டி ஜர்னலுக்குள் சென்றுவிட்டதால், பழைய கோப்பைத் திறந்து "புதிய வரி எதுவும் இல்லையே" என்று திகைக்காமல் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் பார்க்க வேண்டும்.

அறிகுறி: இமேஜஸ் பக்கத்தில் பதிவிறக்கம் வரிசையில் இருப்பதாகவே காட்டுகிறது, விழுக்காடு நகர்வதில்லை

இது முதல் கட்டத்தின் கோளாறு. கட்டளைவரியில் பூட்-ரிசோர்சஸ் பிரிவின் கீழுள்ள ஈஸ்-இம்போர்ட்டிங் கட்டளையை இட்டு, இம்போர்ட் உண்மையிலேயே நடந்துகொண்டிருக்கிறதா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். நடக்கிறது என்று விடை வந்தும் பதிவில் நெடுநேரம் புதிய வரி வரவில்லை என்றால், வெளியுலகை எட்டுவதில்தான் தடை இருக்கிறது.

ரீஜன் கன்ட்ரோலர் இயங்கும் அதே சர்வரில் நுழைந்து, அங்கிருந்து கர்ல் கட்டளையால் பட்டியல் கோப்பைக் கேட்டுப் பாருங்கள். மூல முகவரியை அடுத்து ஸ்ட்ரீம்ஸ், வி1 என்ற அடைவுகளுக்குள் இன்டெக்ஸ்.எஸ்ஜேசன் என்ற பெயரில் அது இருக்கும். உங்கள் மடிக்கணினியிலிருந்து அந்த முகவரி திறக்கிறது என்பது இங்கே எதையும் நிறுவாது, ஏனெனில் சர்வர் வலையமைப்புக்கும் அலுவலக வலையமைப்புக்கும் வெவ்வேறு ஃபயர்வால் விதிகள் இருப்பது வழக்கம்.

கர்ல் கட்டளைக்குக் கோப்பு கிடைத்து மாஸுக்கு மட்டும் கிடைக்கவில்லை என்றால் ப்ராக்ஸியைச் சந்தேகியுங்கள். நீங்கள் ஷெல்லில் அமைத்திருக்கும் ப்ராக்ஸி மாறிகளை கர்ல் படிக்கிறது. பின்னணியில் தனிச் சேவையாக ஓடும் ரீஜன் அவற்றைப் படிப்பதில்லை. இமேஜ்களை இறக்க எந்த ப்ராக்ஸியைப் பயன்படுத்துவது என்பதை மாஸின் சொந்த அமைப்புகளில், எச்டிடிபி ப்ராக்ஸி என்ற உருப்படியில்தான் குறிப்பிட வேண்டும். ப்ராக்ஸியைக் கடந்தே வெளியே செல்ல வேண்டிய நிறுவனங்களில் இந்த அறிகுறி தென்பட்டால், நான் முதலில் பார்ப்பது இந்த அமைப்பைத்தான்.

தடை நீங்கியபின் ஸ்டாப்-இம்போர்ட் கட்டளையால் பழைய முயற்சியை நிறுத்தி, பிறகு புதிதாக இம்போர்ட்டை ஏவுங்கள். அதன் பின்னும் நகரவில்லை என்றால் மட்டுமே சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். இமேஜ்களைத் தானாக ஒத்திசைக்கும் அமைப்பு செயலில் இருந்தால், மாஸ் தானே 60 நிமிடங்களுக்கு ஒருமுறை மூலத்தைச் சரிபார்க்கும். ஆகவே அவசரமில்லாத இடத்தில் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதும் ஒரு வழிதான்.

அறிகுறி: கையொப்பம் சரியில்லை அல்லது கோப்பின் செக்சம் பொருந்தவில்லை என்ற பிழை

இந்தப் பிழைக்குக் கூடுதல் கவனம் தேவை. மாஸ் தன் இயல்பான மூலத்தை எச்டிடிபி வழியாகவே அணுகுகிறது. மறையாக்கம் இல்லாத அந்த வழியில் கோப்பை யாரும் மாற்றிவிடவில்லை என்பதற்கு உத்தரவாதமாக இருப்பவை இரண்டு. பட்டியல் கோப்பில் இடப்பட்டிருக்கும் ஜிபிஜி கையொப்பம் ஒன்று. ஒவ்வொரு கோப்புக்கும் பட்டியலில் எழுதப்பட்டிருக்கும் எஸ்எச்ஏ-256 மதிப்பு, அதாவது செக்சம், மற்றொன்று. மாஸ் வழியாக நிறுவப்படும் ஒவ்வொரு சர்வரின் மூலக் கோப்பமைப்பும் இந்தச் சோதனையைக் கடந்தே வருகிறது. ஆகவே, பிழை வருகிறது என்பதற்காகச் சரிபார்ப்பையே நீக்கிவிடும் குறுக்கு வழியை எந்த நெருக்கடியிலும் எடுக்காதீர்கள்.

கையொப்பப் பிழை வந்தால், மேலே சொன்ன இன்டெக்ஸ்.எஸ்ஜேசன் கோப்பை ரீஜனிலிருந்து இறக்கி, அதன் முதல் வரியைக் கண்ணால் பாருங்கள். பிஜிபி கையொப்பமிட்ட செய்தி தொடங்குவதாக அறிவிக்கும் தலைப்பு வரி அங்கே இருக்க வேண்டும். அதற்குப் பதிலாக எச்டிஎம்எல் பக்கம் ஒன்று தென்பட்டால், நிறுவனத்தின் ப்ராக்ஸி தன் உள்நுழைவுப் பக்கத்தையோ தடைப் பக்கத்தையோ கோப்பின் பெயரில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ப்ராக்ஸியின் நிர்வாகியிடம் அந்தத் தளத்துக்கு அனுமதி கேட்பதுதான் இதற்குத் தீர்வு.

தலைப்பு வரி சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால், சரிபார்க்கப் பயன்படும் சாவிக்கோப்பை நோக்கிச் செல்லுங்கள். உபுண்டு கிளவுட் இமேஜ் சாவிக்கோப்பு, டெப் (உபுண்டுவின் வழக்கமான தொகுப்பு வகை) வழி நிறுவலில் யூஎஸ்ஆர், ஷேர், கீரிங்ஸ் என்ற அடைவில் இருக்கும். ஸ்நாப் (தனிக் கூட்டில் இயங்கும் தொகுப்பு வகை) வழி நிறுவலில் மாஸ் தன் கூட்டுக்குள் அடைபட்டு இயங்குவதால், புரவலர் கணினியில் நீங்கள் பார்க்கும் பாதையை அதனால் படிக்க முடியாமல் போகலாம். அந்த நிலையில் மாஸ் ஸ்நாப்புக்குள்ளேயே இருக்கும் சாவிக்கோப்பின் பாதையைக் கொடுக்க வேண்டும். சாவிக்கோப்பின் உள்ளடக்கத்தையே கீரிங்_டேட்டா என்ற புலத்தின் வழியாக மூலத்துடன் சேர்த்துப் பதிவேற்றிவிட்டால் பாதைச் சிக்கல் அடியோடு நீங்கிவிடும். நான் இரண்டாவதையே விரும்புகிறேன், ஏனெனில் பல ரீஜன் கன்ட்ரோலர்கள் உள்ள அமைப்பில் ஒவ்வொன்றிலும் அதே பாதையில் அதே கோப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

செக்சம் பொருந்தாமைக்கு வேறு காரணம் தேட வேண்டும். பட்டியல் சரியாக வந்து, பெரிய கோப்பு மட்டும் சிதைந்து வருகிறது என்றால், இடையிலுள்ள கேஷிங் ப்ராக்ஸி பாதியில் நின்ற பழைய பதிவிறக்கத்தையோ முந்தைய நாள் கோப்பையோ தன் சேமிப்பிலிருந்து கொடுக்கிறதா என்று பாருங்கள். அந்தத் தளத்தைச் சேமிப்பிலிருந்து விலக்கிவைத்தபின் பிழை மறைந்தால் காரணம் உறுதியாகிவிடும். மூல முகவரியை எச்டிடிபிஎஸ் என மாற்றி வைத்திருப்பவர்கள் ரீஜன் சர்வரின் கடிகாரத்தையும் பார்க்க வேண்டும். நேரம் பெரிதும் பின்தங்கியிருந்தால், செல்லத்தக்க சான்றிதழும் இன்னும் தொடங்காதது போலத் தோன்றி நிராகரிக்கப்படும்.

அறிகுறி: இம்போர்ட் பிழையின்றி முடிந்தது, ஆனால் வேண்டிய இமேஜ் இல்லை

மாஸ் தேர்ந்தெடுத்தவற்றை மட்டுமே இறக்கும். பூட்-சோர்ஸ்-செலக்‌ஷன்ஸ் பட்டியலில் வெளியீட்டின் பெயர், கட்டமைப்பு (ஏஎம்டி64 போன்ற செயலி வகை), துணைக்கட்டமைப்பு ஆகிய மூன்றையும் பாருங்கள். துணைக்கட்டமைப்பு என்ற இடத்தில் எல்லாவற்றையும் குறிக்கும் நட்சத்திரக் குறிக்குப் பதிலாக ஒற்றைப் பெயர் எழுதப்பட்டிருந்தால், பொதுக் கெர்னல் மட்டும் வந்து, புதிய வன்பொருளுக்கான எச்டபிள்யூஇ கெர்னல் வராமல் போகலாம். அப்போது இமேஜ் இருப்பதாகவே பக்கம் காட்டும். குறைந்தபட்சக் கெர்னலாக எச்டபிள்யூஇ-யைக் குறிப்பிட்ட சர்வர்கள் மட்டும் எழ மறுக்கும்.

மூலத்திலிருந்து நீக்கப்பட்ட ஒரு வெளியீட்டை நீங்கள் முன்பே தேர்ந்தெடுத்திருந்தால் மாஸ் அதை உடனே அழித்துவிடாது. ஸ்ட்ரீமில் இல்லை, தேர்வில் மட்டும் இருக்கிறது என்று அறிவித்துவிட்டு வைத்திருக்கும். தேர்விலிருந்து எடுத்தால்தான் அழியும். எனவே பழைய வெளியீடு இன்னும் தேவைப்படும் இடத்தில் தேர்வுப் பெட்டியைச் சும்மா தொட்டுப் பார்க்க வேண்டாம்.

பதிவில் இம்போர்ட்டின் இறுதிக்கட்டம் தவிர்க்கப்பட்டது என்றும், தொடர்ந்திருந்தால் ஒத்திசைத்த இமேஜ்கள் அனைத்தும் அழிந்திருக்கும் என்றும் ஒரு செய்தி வந்தால், அது மாஸ் உங்களைக் காப்பாற்றியதற்கான சான்று. மூலத்திலிருந்து பயன்படக்கூடிய எதுவும் கிடைக்கவில்லை என்பதே அதன் பொருள். மூல முகவரி தவறா, மிரர் காலியா, தேர்வுகள் எதனுடனும் பொருந்தவில்லையா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: சொந்த மிரருக்கு மாறியபின் கோளாறு

இணையத் தொடர்பே இல்லாத வலையமைப்பில் எஸ்ஸ்ட்ரீம்-மிரர் என்ற கருவியால் ஒரு பிரதியை எடுத்து, என்ஜின்எக்ஸ் போன்ற வலைச் சர்வர் மூலம் வழங்குவது வழக்கம். இதில் வரும் தொல்லைகளுள் மூன்று மிக அதிகமாகத் தென்படுபவை.

வடிகட்டி எடுத்த பிரதியிலும் பட்டியல் கோப்பு மட்டும் முழுமையாகவே இருக்கும். அதில் ஒரு வரியை நீக்கினாலும் கையொப்பம் செல்லாமல் போய்விடும் என்பதால் கருவி அதை அப்படியே எழுதி வைக்கிறது. ஆகவே நீங்கள் பிரதியெடுக்காத வெளியீடுகளும் மாஸ் பக்கத்தில் கிடைப்பவை போலக் காட்சியளிக்கும். அவற்றைத் தேர்ந்தெடுத்தால் 404 பிழை வரும். மிரரில் உண்மையில் உள்ள வெளியீடுகள், கட்டமைப்புகள் ஆகியவற்றோடு மாஸின் தேர்வுகளை ஒன்றுக்கொன்று ஒத்துப் பாருங்கள்.

இரண்டாவது தொல்லை பூட்லோடர்கள் விடுபடுவது. கட்டமைப்பையும் வெளியீட்டின் பெயரையும் வைத்து வடிகட்டும்போது கெர்னலும் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸும் வந்துவிடும், ஆனால் பூட்லோடர்கள் பட்டியலில் தனிப் பொருளாக, வெளியீட்டின் பெயர் இல்லாமல் இருப்பதால் அந்த வடிகட்டியில் சிக்காது. கருவியை இரண்டாம் முறை இயக்கி, கிரப், பிஎக்ஸ்லினக்ஸ் ஆகியவற்றைத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். இதைச் செய்யாத இடத்தில் இமேஜ் முழுமையாக இருந்தும் எந்தச் சர்வரும் எழாது. தேடுபவர் டிஎச்சிபியிலும் ஸ்விட்சிலும் மணிக்கணக்கில் அலைவார்.

மூன்றாவது, பழைய மூலத்தை நீக்காமல் புதியதைச் சேர்ப்பது. எட்ட முடியாத இணைய மூலமும் பட்டியலில் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மாஸ் அதையும் முயன்று தோற்கும். பூட்-சோர்ஸஸ் பட்டியலைப் படித்து, தேவையற்ற மூலத்தை அதன் எண்ணைக் கொண்டு நீக்கிவிடுங்கள். மூல முகவரியாக ஸ்ட்ரீம்ஸ் அடைவுக்கு மேலேயுள்ள அடைவைக் கொடுப்பது போதும்.

அறிகுறி: இம்போர்ட் பாதியில் நின்று, வட்டில் இடம் இல்லை என்கிறது

3.4 வரை ரீஜன் தன் இமேஜ்களை போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்துக்குள் பெரும்பொருள்களாகச் சேமித்தது. ராக் தன் பிரதியை வட்டில் பூட்-ரிசோர்சஸ் என்ற அடைவில் வைத்துக்கொண்டது. ஆகவே அந்தப் பதிப்புகளில் தரவுத்தளம் இருக்கும் பகிர்வையும் ராக்கின் பகிர்வையும் தனித்தனியே அளந்து பார்க்க வேண்டும். தேவையற்ற இமேஜை நீக்கியபின்னும் தரவுத்தளத்தின் அளவு குறையவில்லை என்றால் பதற வேண்டாம். வேக்கூம் (தரவுத்தளத்தின் துப்புரவுப் பணி) நடந்தபின் அந்த இடம் மறுபடி பயன்படும், ஆனால் இயங்குதளத்துக்குத் திரும்பக் கிடைக்காது. 3.5 முதல் ரீஜன் இமேஜ்களைத் தன் வட்டிலேயே, இமேஜ்-ஸ்டோரேஜ் என்ற அடைவில் வைக்கிறது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்தும்போது எல்லா இமேஜ்களும் தரவுத்தளத்திலிருந்து வட்டுக்கு இடம் மாறுவதால், மேம்படுத்துமுன் அவ்வளவு இடத்தை ஒதுக்கி வையுங்கள்.

அறிகுறி: ரீஜனில் எல்லாம் இருக்கிறது, ராக் ஒத்திசைய மறுக்கிறது

ராக்கின் அமைப்பில் எழுதப்பட்டிருக்கும் மாஸ் முகவரியை ராக்கிலேயே நின்று சோதியுங்கள். ஒரே சர்வரில் ரீஜனையும் ராக்கையும் நிறுவித் தொடங்கியவர்கள் முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருப்பார்கள். பின்னர் வேறொரு ராக் சேரும்போது அதே முகவரி நகலெடுக்கப்பட்டால், அந்த ராக் தன்னிடமே இமேஜ்களைத் தேடும். ராக்கிலிருந்து ரீஜனின் 5240 போர்ட்டும், இருவரும் பேசிக்கொள்ளும் 5250 முதல் 5270 வரையிலான போர்ட்களும் திறந்திருக்க வேண்டும். ரீஜனும் ராக்கும் ஒரே பதிப்பில் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள், ஏனெனில் ஸ்நாப் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்போது ஒன்று முந்திக்கொண்டு மற்றொன்று பின்தங்குவது உண்டு.

அறிகுறி: எல்லாம் ஒத்திசைந்ததாகக் காட்டியும் சர்வர் எழவில்லை

இங்கே சர்வரின் திரையைப் படிப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. பிஎக்ஸ்இ என்பது வலையமைப்பு வழியே எழும் முறை. அதன் பிஎக்ஸ்இ-ஈ51 என்ற குறியீடு டிஎச்சிபி பதிலே வரவில்லை என்கிறது. ஈ53 முகவரி வந்தது, பூட் கோப்பின் பெயர் வரவில்லை என்கிறது. ஈ32 பெயரும் வந்தது, டிஎஃப்டிபி பதில் வரவில்லை என்கிறது. முதல் இரண்டும் இமேஜ் இம்போர்ட்டோடு தொடர்பில்லாதவை. மாஸ் தவிர வேறு டிஎச்சிபி சர்வர் அந்த வலையமைப்பில் இருந்தால், அது யூஇஎஃப்ஐ சர்வருக்கும் பழைய பயாஸ் சர்வருக்கும் ஒரே கோப்புப் பெயரைக் கொடுக்கிறதா என்று பாருங்கள். பயாஸுக்கு எல்பிஎக்ஸ்லினக்ஸ்.0, யூஇஎஃப்ஐக்கு பூட்எக்ஸ்64.ஈஎஃப்ஐ என்று பிரிந்து செல்ல வேண்டும். சர்வர் தன் வகையை டிஎச்சிபியின் 93-ஆம் விருப்பத்தில் தெரிவிக்கிறது, அதில் 0 என்பது பயாஸ், 7 என்பது 64-பிட் யூஇஎஃப்ஐ, 11 என்பது 64-பிட் ஆர்ம்.

டிஎஃப்டிபி தோல்விக்கு ஃபயர்வாலே பெரும்பாலும் காரணம். முதல் வேண்டுகோள் யூடிபி 69 போர்ட்டுக்குச் செல்கிறது, ஆனால் தரவு ராக்கின் வேறொரு தற்காலிகப் போர்ட்டிலிருந்து திரும்பி வருகிறது. 69-ஐ மட்டும் திறந்துவைத்த ஃபயர்வால் அந்தத் தரவை அந்நியமாகக் கருதி வீழ்த்திவிடும். ராக்கில், வலையமைப்பில் செல்லும் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு, வேண்டுகோள் வந்ததா, பதில் கிளம்பியதா என்ற இரண்டையும் பார்த்தால் குற்றம் எந்தப் பக்கம் என்று உடனே தெளிவாகும்.

கெர்னல் ஏறி, பிறகு மூலக் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று நின்றால், ராக்கின் 5248 போர்ட்டையும் சர்வரின் நினைவகத்தையும் பாருங்கள். ஸ்குவாஷ்எஃப்எஸ் முழுவதும் நினைவகத்துக்குள் இறக்கப்படுவதால், சோதனைக்காகச் சிறியதாக உருவாக்கிய மெய்நிகர் கணினிகள் இங்கே விழுகின்றன. சோதனைக் கணினிக்கும் 4 ஜிபி கொடுத்துவிடுங்கள்.

பூட் இமேஜ் காணவில்லை என்று மாஸ் பதிவு செய்தால், அந்தச் செய்தியில் உள்ள கட்டமைப்பையும் கெர்னலையும் வெளியீட்டையும் அப்படியே எழுதிக்கொண்டு, தேர்வுகளோடு ஒப்பிடுங்கள். பலரும் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு: சென்ட்ஓஎஸ் போன்ற பிற இயங்குதளங்களை நிறுவும்போதும் சர்வர் முதலில் உபுண்டுவின் தற்காலிகச் சூழலில்தான் எழுகிறது. கமிஷனிங்குக்கு (புதிய சர்வரின் வன்பொருளை மாஸ் ஆராயும் கட்டம்) எந்த உபுண்டு வெளியீடு குறிக்கப்பட்டிருக்கிறதோ அதன் இமேஜ், அந்தச் சர்வரின் கட்டமைப்புக்கு, கட்டாயம் இருக்க வேண்டும். "எங்களுக்கு உபுண்டு தேவையில்லை" என்று அதை நீக்கினால் எல்லா நிறுவல்களும் நின்றுபோகும்.

அறிகுறி: சொந்த இமேஜ் பதிவேறியது, ஆனால் பட்டியலில் தேர்ந்தெடுக்க முடியவில்லை அல்லது நிறுவல் விழுகிறது

கட்டமைப்பை ஏஎம்டி64 என்று மட்டும் எழுதாமல், சாய்கோட்டுக்குப் பின் ஜெனரிக் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கோப்பு வகையும் உள்ளடக்கத்தோடு பொருந்த வேண்டும்: கோப்பமைப்பைச் சுருக்கிய டிஜிஇசட் ஒன்று, முழு வட்டின் பிம்பத்தைச் சுருக்கிய டிடிடிஜிஇசட் வேறொன்று, இரண்டையும் மாற்றிக் குறித்தால் பதிவேற்றம் வெற்றி பெறும், வட்டில் எழுதும்போதுதான் பிழை தெரியும். உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட சொந்த இமேஜுக்கு எந்த வெளியீட்டின் மேல் அது கட்டப்பட்டது என்பதை பேஸ்_இமேஜ் புலத்தில் சொல்லுங்கள். தற்காலிகச் சூழல் ஒழுங்காக எழுந்து, கர்டின் என்ற நிறுவு கருவி வேலையைத் தொடங்கியபின் விழுந்தால் பூட் கோப்புகளின் பாதை மூன்று கட்டங்களிலும் சரியாகவே இருக்கிறது. அதன் பிறகு அந்தச் சர்வரின் நிறுவல் வெளியீட்டைத் திறந்து, கர்டின் கடைசியாக எழுதிய வரியிலிருந்து பின்னோக்கிப் படிக்க வேண்டும்.